பழைய ராணுவக் குத்துவாள்கள்: அசலா, போலியா, எவ்வளவு பெறும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குத்துவாள் சேகரிக்கத் தொடங்கியவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். சில பதில்கள் நீளமானவை. அந்த இடங்களில்தான் புதியவர்கள் அதிகம் பணம் இழக்கிறார்கள்.

ராணுவக் குத்துவாள் என்று எதைச் சொல்கிறோம்? பயனெட்டும் இதில் சேருமா?

குத்துவதற்கென்றே செய்த குட்டையான அலகு, பெரும்பாலும் இரண்டு பக்கமும் கூர், நடுவில் ஓடும் மேடு. இதுதான் குத்துவாள். பயனெட் துப்பாக்கி முனையில் பொருத்துவதற்காகச் செய்தது. அதன் கைப்பிடியில் பூட்டும் அமைப்பு இருக்கும், காப்பில், அதாவது அலகுக்கும் கைப்பிடிக்கும் நடுவே கையைக் காக்கும் குறுக்குத் தகட்டில், குழல் நுழையும் வளையம் இருக்கும். சேகரிப்பாளர்கள் இரண்டையும் தனித்தனியாகத்தான் வைத்துப் பார்ப்பார்கள்.

அதைவிட முக்கியமான பிரிவு வேறு: சண்டைக்குச் செய்தது, சீருடையில் தொங்கவிடச் செய்தது. சண்டைக் குத்துவாளில் சாணை பிடித்த தடமும் கைப்பிடித் தேய்மானமும் இருப்பது இயல்பு. அதிகாரி இடுப்பில் விழா நாளில் மட்டும் தொங்கிய குத்துவாளில் அதே தடங்கள் இருந்தால், யாரோ பிற்காலத்தில் அதில் கைவைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

புதிதாகத் தொடங்குகிறேன். எதை வாங்கலாம்?

முதல் ஆறு மாதம் எதையும் வாங்காதீர்கள். உண்மையாகவே சொல்கிறேன். ஒரு நாட்டை, ஒரு காலத்தைத் தேர்ந்தெடுத்து அதைப் பற்றி மட்டும் படியுங்கள். அருங்காட்சியகங்களில் பாருங்கள், ஏல நிறுவனங்கள் விற்பனைக்கு முந்தைய நாட்களில் பொருட்களைப் பார்வைக்கு வைப்பார்கள், அங்கே கையில் எடுத்துப் பார்க்கலாம். பத்து அசல் குத்துவாள்களின் எடை உங்கள் கைக்குப் பழகிவிட்டால், பதினோராவதாக வரும் போலி கையிலேயே உறுத்தும்.

தொடங்குவதற்கு நல்லது, ஏராளமாகச் செய்யப்பட்டு, நன்றாக ஆவணப்படுத்தப்பட்ட ஒரு மாதிரி. 1943இல் வந்த அமெரிக்க எம்3 கத்தி அப்படிப்பட்டது. பல நிறுவனங்கள் செய்தன. தொடக்கத்தில் வந்தவற்றில் தயாரிப்பாளர் பெயர் அலகிலேயே இருக்கும். பின்னால் வந்தவற்றில் அது காப்புக்கு மாறியது. இந்த மாதிரி வேறுபாடுகளைக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. அபூர்வமான பொருளோடு தொடங்குபவர்தான் முதலில் ஏமாறுகிறார். அபூர்வமானதைத்தானே போலியாகச் செய்வார்கள்.

கையில் ஒரு குத்துவாள் இருக்கிறது. அசலா என்று பார்க்க எங்கே தொடங்குவது?

என் வழி இது: ஒவ்வொரு உறுப்பையும் தனியே பார்த்து, "உனக்கு என்ன வயது?" என்று கேட்பேன். அலகு, காப்பு, கைப்பிடி, உச்சிக் குமிழ், திருகு, உறை, உறைத் தையல், தொங்கும் வார். எல்லாம் ஒரே வயதைச் சொன்னால் நல்லது. ஒன்று மட்டும் வேறு வயது சொன்னால், அதற்குக் காரணம் வேண்டும்.

உதாரணமாக, பிலிப்ஸ் எனப்படும் நட்சத்திரத் தலைத் திருகு 1930களின் நடுவில்தான் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றுப் புழக்கத்துக்கு வந்தது. முதல் உலகப் போர்க் கத்தி என்று சொல்லப்படும் ஒன்றில் அது இருந்தால், குறைந்தபட்சம் அந்தத் திருகு பிற்காலத்தது. துருப்பிடிக்காத எஃகு 1913இல் ஷெஃபீல்டில் ஹாரி பிரேர்லியின் ஆய்வில் பிறந்தது. 19ஆம் நூற்றாண்டுக் குத்துவாள் துருவே ஏறாமல் பளபளவென்று இருந்தால், பராமரிப்பைப் பாராட்டும் முன் உலோகத்தைச் சந்தேகியுங்கள்.

அப்புறம் பொருத்தம். அந்தக் காலப் பட்டறைகளில் மரக் கைப்பிடியைக் காப்போடு சேர்த்து வைத்தே இழைத்தார்கள். மரமும் உலோகமும் சேரும் கோட்டில் நகம் நுழைய இடம் இருக்காது. போலிகளில் அந்த இடைவெளியே காட்டிக்கொடுக்கும். மரம் காலப்போக்கில் சற்றுச் சுருங்கும் என்பதும் உண்மை. ஆனால் சுருங்கிய மரம் சுற்றிலும் ஒரே அளவாக இருக்காது, மரத்தின் இழை ஓடும் திசைக்குக் குறுக்கேதான் அதிகம் சுருங்கும்.

நான் மிகவும் நம்பும் தடம் ஒன்று உண்டு. குத்துவாளை உறையில் செருகி எடுக்கும்போது, உறை வாயின் உள்ளே இருக்கும் தகடு அலகின் மேல் நீளவாக்கில் மெல்லிய கீறல்களை விடும். பல்லாண்டுகள் ஒன்றாக இருந்த அலகிலும் உறையிலும் இந்தக் கீறல்கள் ஒன்றோடொன்று பொருந்தும். கீறல் ஓரிடத்திலும் தகடு வேறிடத்திலும் இருந்தால் இரண்டும் பிற்காலத்தில் சேர்ந்தவை. இதைப் போலியாகச் செய்ய யாரும் மெனக்கெடுவதில்லை, ஏனென்றால் வாங்குபவர்கள் இதைப் பார்ப்பதில்லை.

துரு நிறைய இருக்கிறது. அப்படியென்றால் பழையதுதானே?

இல்லை. துருவை ஒரே வாரத்தில் வரவழைக்கலாம். உப்பு நீர், அமிலம், ஈர மண் போதும். அவசரத் துரு செம்மஞ்சளாக, தூளாக, எல்லா இடத்திலும் ஒரே சீராக இருக்கும், விரலில் ஒட்டும். பழைய துரு கரும்பழுப்பாக, கெட்டியாக இருக்கும். அது சீராகவும் இருக்காது. கைபடும் இடத்தில் தேய்ந்து மினுங்கும், காப்பின் அடியில் அடர்ந்திருக்கும், உறைக்குள் ஈரம் தங்கிய பக்கத்தில் குழிகளாக இருக்கும். துருவுக்கு ஒரு காரணம் தெரிய வேண்டும். காரணமில்லாமல் பரவிய துரு என்றால் நான் பொருளைக் கீழே வைத்துவிடுவேன்.

பித்தளையும் அப்படியே. இயல்பான பச்சைக் களிம்பு தோலுறை தொடும் இடங்களிலும் இடுக்குகளிலும் மெல்லச் சேரும். ரசாயனத்தால் வரவழைத்த பச்சை, மேட்டிலும் பள்ளத்திலும் ஒன்றுபோல் படிந்திருக்கும்.

முத்திரையும் எழுத்தும் தெளிவாக இருக்கின்றன. போதாதா?

முத்திரை இருக்கிறதா என்பதைவிட, அது எப்படிப் பதிந்திருக்கிறது என்பதுதான் கேள்வி. அடித்துப் பதித்த முத்திரையில் உலோகம் ஒதுங்கி, எழுத்தின் விளிம்பு லேசாக மேடாகியிருக்கும். பழைய பொருளில் அந்த மேடு தேய்ந்திருக்கலாம், ஆனால் பள்ளத்தின் அடி கூர்மையாக இருக்கும். அசலை அச்சாக வைத்து வார்த்தெடுத்த போலியில் எழுத்து சோப்பில் கரைந்ததுபோல் மழுங்கியிருக்கும். பூதக்கண்ணாடியில் பார்த்தால் காற்றுக் குமிழ்க் குழிகள் தெரியும்.

அலகில் அமிலத்தால் அரித்து எழுதுவது இன்னொரு முறை. அதன் பள்ளத்தின் அடித்தளம் மெல்லிய சொரசொரப்போடு இருக்கும். லேசரால் எழுதியது வரிவரியாக, புள்ளிபுள்ளியாக, இயந்திர ஒழுங்கோடு இருக்கும். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்றை வாங்கிப் பழகிக்கொள்ளுங்கள். இந்தத் துறையில் நீங்கள் செய்யும் செலவிலேயே சிறந்தது அதுதான்.

நாட்டின் பெயரும் ஒரு சாட்சி. அமெரிக்காவில் இறக்குமதிப் பொருட்களில் தயாரித்த நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்ற விதி 1890ஆம் ஆண்டின் மெக்கின்லி சுங்கச் சட்டத்தோடு வந்தது. அதனால் நாட்டின் பெயர் பொறித்த குத்துவாள் பெரும்பாலும் ராணுவத்துக்குப் போனதல்ல, ஏற்றுமதிச் சரக்கு.

பிரிட்டிஷ் கமாண்டோ குத்துவாள் என்று ஒன்று வந்திருக்கிறது. எப்படிக் காலம் கணிப்பது?

ஃபேர்பேர்ன்–சைக்ஸ் குத்துவாளைத்தான் சொல்கிறீர்கள். ஷாங்காய் நகரக் காவல்துறையில் பணியாற்றிய வில்லியம் ஃபேர்பேர்னும் எரிக் சைக்ஸும் வடிவமைத்தது. 1940 இறுதியில் லண்டன் வில்கின்சன் வாள் நிறுவனத்திடம் போனது, 1941இல் வெளிவந்தது. மூன்று மாதிரிகள் உண்டு. முதல் மாதிரியின் காப்பு ஆங்கில எஸ் எழுத்துபோல் இரண்டு பக்கமும் எதிரெதிராக வளைந்திருக்கும். அலகு காப்பைச் சேரும் இடத்தில் தட்டையான சதுரம் இருக்கும். இரண்டாம் மாதிரியில் காப்பு நேராகிவிட்டது, கைப்பிடி இன்னும் சொரசொரப்பாகக் கட்டம்போட்ட பித்தளைதான். 1943 வாக்கில் வந்த மூன்றாம் மாதிரியின் கைப்பிடி வளையம் வளையமாக, மலிவான உலோகக் கலவையில் வார்த்தது.

மூன்றாம் மாதிரி போர் முடிந்த பிறகும் நிற்கவே இல்லை. பல பத்தாண்டுகள் அதைச் செய்துகொண்டே இருந்தார்கள், நினைவுப்பொருளாகவும் விற்றார்கள். ஆகவே "போர்க்காலக் கமாண்டோ கத்தி" என்று விலை சொல்லப்படும் பெரும்பாலானவை 1945க்குப் பிற்பட்டவை. காப்பில் இங்கிலாந்து என்று பொறித்திருந்தால் மறுயோசனை வேண்டாம், போருக்குப் பிந்திய ஏற்றுமதி என்றே வைத்துக்கொள்ளுங்கள். முதல் மாதிரி என்று ஒருவர் காட்டினால், இப்போது போலி செய்பவர்கள் காப்பின் வளைவைச் சரியாகவே செய்கிறார்கள் என்பதை நினைவில் வையுங்கள். அலகைத்தான் பார்க்க வேண்டும்: அசல் அலகு கையால் சாணை பிடித்தது, நடுமேடு முனைவரை ஒரே கோடாக ஓடும், ஆனால் இயந்திரம் போட்ட கோடு போன்ற விறைப்பு அதில் இருக்காது.

விரல் வளையக் கைப்பிடி உள்ள 1918 அமெரிக்கக் கத்தி உண்மையா?

உண்மையான மாதிரிதான்: மார்க் 1 பதுங்குகுழிக் கத்தி. வெண்கலக் கைப்பிடி, நான்கு விரல்களுக்கு வளையங்கள், "யு.எஸ். 1918" என்ற எழுத்து. நான் முதன்முதலில் பெரிய தொகை கொடுத்து வாங்கியது இதைத்தான். விற்பவர் நம்பிக்கையாகப் பேசினார், பொருள் கனமாக இருந்தது, கைப்பிடி நன்றாகக் கறுத்திருந்தது. மூன்று மாதம் கழித்து ஓர் அருங்காட்சியகத்தில் அசலைப் பார்த்தபோது நெஞ்சு வலித்தது. அசலில் எழுத்துகள் விளிம்போடு நிமிர்ந்து நின்றன; என்னுடையதில் தூங்கி வழிந்தன. என்னுடையது இரண்டு மில்லிமீட்டர் சிறியதாகவும் இருந்தது.

அந்தச் சிறுமைக்குக் காரணம் இருக்கிறது. உருகிய உலோகம் குளிரும்போது சுருங்கும். அசலை அச்சாக்கி வார்க்கும் ஒவ்வொரு பிரதியும் அசலைவிட ஒரு பொட்டு சிறியதாகத்தான் வரும். அன்றிலிருந்து அளவுகோலும் காலிப்பரும் இல்லாமல் நான் எங்கேயும் போவதில்லை. நம்பகமான அசலின் அளவுகளைக் குறித்து வைத்துக்கொண்டு ஒப்பிட்டால், வார்ப்புப் போலியில் பாதி அங்கேயே உதிர்ந்துவிடும்.

அலகு ஒரு காலம், கைப்பிடி வேறு காலம். போலி என்று ஒதுக்கிவிடலாமா?

அவசரப்படாதீர்கள். ஆயுதம் உயிரோடு இருந்த காலத்தில் மாற்றப்பட்டதா, விற்பனைக்காக மாற்றப்பட்டதா என்பதுதான் கேள்வி.

தஞ்சாவூர் ஆயுதசாலையின் கட்டாரிகள் பலவற்றில் ஐரோப்பிய வாள்களிலிருந்து எடுத்த அலகுகள் இருக்கின்றன. அவை போலியல்ல. அந்தக் காலக் கொல்லர்களே நல்ல அலகைத் தேடிப் பொருத்தினார்கள். முதல் உலகப் போரில் பிரெஞ்சுக்காரர்கள் லெபெல் துப்பாக்கியின் நீண்ட பயனெட்டுகளை வெட்டிக் குட்டைக் குத்துவாள்களாக்கினார்கள். முள்வேலிக் கம்பத்து இரும்பை வளைத்துக்கூடக் குத்துக்கத்தி செய்தார்கள். இரண்டாம் உலகப் போரில் விழுந்த விமானங்களின் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கை அடுக்கிச் சிப்பாய்கள் கைப்பிடி செய்துகொண்டார்கள். இவை எல்லாம் கலவைதான், எல்லாம் அசல்தான்.

வித்தியாசத்தைத் தேய்மானம் சொல்லும். மாற்றம் பழையது என்றால் இணைப்பின் மேலும் தேய்மானம் தொடர்ந்து ஓடும். கைப்பிடியின் வழவழப்பு காப்பின் விளிம்பைத் தாண்டிப் போகும். சந்தைக்காகச் சேர்த்ததில் இணைப்புக் கோட்டில் தேய்மானம் சட்டென்று நின்றுவிடும்.

நாஜிக் காலக் குத்துவாள்களைச் சேகரிக்கலாமா?

இரண்டு பதில் உண்டு. மனசாட்சியின் பதிலை முதலில் சொல்கிறேன். அந்த ஆட்சியின் கொடுமைக்குச் சாட்சியாக, அந்தக் கொடுமையை மறைக்காமல் வைத்திருப்பவரை நான் மதிக்கிறேன். சின்னத்தின் மேல் மோகம் கொண்டு வாங்குபவரோடு எனக்குப் பேச்சில்லை. ஜெர்மனியில் இந்தச் சின்னங்களைப் பொதுவில் காட்டுவது குற்றவியல் சட்டத்தின் 86ஏ பிரிவின்படி தண்டனைக்குரியது. வேறு பல நாடுகளிலும் கட்டுப்பாடு உண்டு.

சந்தையின் பதில்: உலகத்திலேயே அதிகம் போலி செய்யப்படும் குத்துவாள் வகைகளில் இது ஒன்று. 1933இல் நாஜிக் கட்சியின் எஸ்.ஏ. அடியாள் படைக்கு வந்த குத்துவாள் பெருந்தொகையில் செய்யப்பட்டது, ஆகவே சாதாரண ஒன்று அபூர்வமல்ல. ஆனால் அந்தப் படையின் தலைவர் எர்ன்ஸ்ட் ரோமின் பெயரோடு அர்ப்பணிப்பு வாசகம் பொறித்தவை வேறு கதை. 1934 ஜூன் இறுதியில் தொடங்கிய களையெடுப்பில் ரோம் கொல்லப்பட்ட பிறகு, அந்த வாசகத்தைத் தேய்த்து அழிக்கச் சொல்லி உத்தரவு வந்தது. முழு வாசகத்தோடு தப்பியவை குறைவு. எனவே ஏமாற்றுக்காரர்கள் சாதாரண அசல் அலகை எடுத்து, அதில் வாசகத்தைப் புதிதாக அரித்து எழுதுகிறார்கள். பொருள் அசல், மதிப்பைத் தரும் பகுதி மட்டும் போலி. இதுதான் ஆபத்தான போலி. அசல் அலகுகளுக்குக் குறுக்குவாட்டில் மெருகு ஏற்றியிருப்பார்கள். வாசகத்தைச் சுற்றி அந்தக் குறுக்குக் கோடுகள் கலைந்திருந்தால் ஒதுங்கிவிடுங்கள்.

போர் முடிந்ததும் ஜெர்மனியின் சோலிங்கன் நகரப் பட்டறைகள் மிச்சமிருந்த உதிரி உறுப்புகளைச் சேர்த்து வெளிநாட்டுச் சிப்பாய்களுக்கு நினைவுப்பொருளாக விற்றன. உறுப்புகள் எல்லாம் அக்காலத்தவை, குத்துவாள் மட்டும் 1945க்குப் பிந்தியது. ஒரு சிப்பாயின் குடும்பமே கொண்டுவந்து கொடுத்தாலும் இப்படி ஒன்றாக இருக்கலாம்.

ஜப்பானியக் குத்துவாளில் எதைப் பார்க்க வேண்டும்?

கைப்பிடிக்குள் மறைந்திருக்கும் வாலை. மூங்கில் ஆணியைக் கழற்றினால் கைப்பிடி உருவிக்கொள்ளும். வாலில் இருக்கும் துருவின் நிறம், அரம் போட்ட கோடு, கொல்லனின் கையெழுத்து இவைதான் வயதைச் சொல்லும். அந்த வாலை மட்டும் எக்காரணம் கொண்டும் சுத்தம் செய்யாதீர்கள். கறுத்த துருவைச் சுரண்டினால் அத்தாட்சியையே சுரண்டிவிட்டீர்கள். கையெழுத்து இருப்பதால் நம்பவும் வேண்டாம். புகழ்பெற்ற கொல்லர்களின் பெயரைப் பொய்யாக வெட்டுவது ஜப்பானில் பல நூற்றாண்டுப் பழக்கம். 1948இல் தொடங்கப்பட்ட ஜப்பானியக் கலை வாள் பாதுகாப்புச் சங்கம் ஆராய்ந்து சான்றிதழ் தருகிறது, அதற்குச் சந்தையில் மதிப்பு உண்டு.

அலகில் நீர் அலைபோல் வரி ஓடுகிறது. வூட்ஸ் உருக்கா?

வூட்ஸ் என்பது மூசையில் உருக்கிச் செய்த பழைய தென்னிந்திய உருக்கு. அதில் வரி உலோகத்தின் உள்ளேயே இருக்கிறது. மெருகேற்றினால் மங்கும், அமிலம் தொட்டால் திரும்ப எழும். வெறும் மேல்பரப்பில் வரைந்த போலி, மெருகேற்றினால் போயே போய்விடும். இன்று "டமாஸ்கஸ்" என்று விற்கப்படுபவை பெரும்பாலும் இரண்டு வகை எஃகை மாற்றி மாற்றி அடுக்கி மடித்து அடித்தவை. அவற்றில் வரி பட்டைபட்டையாக, ஏணிபோல் திரும்பத் திரும்ப ஒரே வடிவில் வரும். வூட்ஸின் வரி அப்படித் தன்னைத் திரும்பச் சொல்லாது.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனைகள் உண்டா?

உண்டு. காந்தம் வையுங்கள்: முழுப் பித்தளை என்று சொல்லப்பட்டது காந்தத்தை இழுத்தால் உள்ளே இரும்பு இருக்கிறது. புற ஊதா விளக்கை இருட்டில் காட்டுங்கள்: உறைத் தையல் நூலோ தொங்கும் துணியோ நீலவெள்ளையாக ஒளிர்ந்தால் நவீன வெளுப்பு ரசாயனம் இருக்கிறது. ஆனால் பழைய துணியை யாராவது இன்றைய சோப்புத்தூளில் துவைத்திருந்தாலும் ஒளிரும், அதையும் கணக்கில் எடுங்கள். யானைத்தந்தமா என்று பார்க்கக் கைப்பிடியின் வெட்டுமுகத்தை லென்ஸில் பாருங்கள். குறுக்கும் நெடுக்குமாகச் சாய்கோடுகள் தெரிய வேண்டும். சூடான ஊசியைக் குத்திப் பார்க்கும் பழைய சோதனை வேண்டாம். செல்லுலாய்டு என்ற பழைய பிளாஸ்டிக்காக இருந்தால் பற்றி எரியும்.

பெரிய தொகை என்றால் எக்ஸ் கதிர் ஒளிர்வுக் கருவியால் உலோகக் கலவையைச் சோதிக்கலாம். பொருளில் கீறல் விழாது.

சுத்தம் செய்தால் விலை கூடும்தானே?

குறையும். பலரும் நல்ல மனதோடு செய்யும் தவறு இது. எமரி தாளும் பித்தளைப் பாலிஷும் ஒரே மாலையில் நூறு வருடத்தைத் தேய்த்துவிடும், அதைத் திரும்பக் கொண்டுவர யாராலும் முடியாது. செய்ய வேண்டியது கொஞ்சம்தான்: தூசியை மென்துணியால் துடையுங்கள், நுண்படிக மெழுகை மெல்லிதாகப் பூசுங்கள், வெறும் விரலால் அலகைத் தொடாதீர்கள். தோலுறைக்குள் அலகை வைத்துச் சேமிக்காதீர்கள். தோல் பதனிட்ட அமிலம் இரும்பைத் தின்னும், ஈரத்தையும் பிடித்து வைக்கும். உறையைப் பக்கத்தில் வையுங்கள். செல்லுலாய்டுக் கைப்பிடி உள்ளதைத் தனியே, காற்றோட்டமாக வையுங்கள்; அது சிதையும்போது வரும் ஆவி அருகில் இருக்கும் உலோகத்தையும் அரிக்கும்.

மதிப்பை எப்படிக் கணிப்பது?

கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், விற்ற விலையைப் பாருங்கள். ஏல நிறுவனங்களின் பழைய முடிவுகளில், உங்களுடையதுபோல் அதே மாதிரி, அதே தயாரிப்பாளர், அதே நிலையில் உள்ள பல பொருட்களை எடுத்து நடுத்தரத்தைப் பிடியுங்கள். உச்ச விலை இரண்டு பிடிவாதக்காரர்கள் மோதியதால் வந்திருக்கலாம். சுத்தியல் விழுந்த விலையோடு வாங்குபவர் தரகும் சேரும். விற்பவர் கையில் வருவது அதைவிடக் குறைவு. காப்பீட்டுக்குப் போடும் மதிப்பு வேறு, உடனே விற்றால் கிடைப்பது வேறு.

என் கணக்கில் வரிசை இப்படி: மாற்றப்படாத நிலை முதலில், அப்புறம் அபூர்வம், அப்புறம் உறையும் வாரும் சேர்ந்த முழுமை, பிறகு ஆவணம். வயது கடைசி. முந்நூறு வருடப் பழைய, சிதைந்த, பெயர் தெரியாத கத்தியைவிட, 1942–43இல் கேஸ் நிறுவனம் அமெரிக்க–கனடியச் சிறப்புப் படைக்குச் செய்த வி-42 ஒன்று, அலகின் அடியில் கட்டைவிரல் வைக்கும் அந்த வரித்தடத்தோடு உறையும் சேர்ந்து கிடைத்தால், பல மடங்கு பெறும்.

"இது ஒரு தளபதியுடையது" என்கிறார்கள். கூடுதலாகக் கொடுக்கலாமா?

பெயர் பொறித்த அலகு, அக்காலப் புகைப்படம், கைப்பற்றிக்கொண்டு வந்ததற்கான ராணுவச் சீட்டு, கடிதம், இப்படி ஏதாவது பொருளோடு பிணைந்திருந்தால் கொடுக்கலாம். சீட்டில் இருக்கும் எண்ணோ வர்ணனையோ இந்தக் குத்துவாளுக்குப் பொருந்துகிறதா என்றும் பாருங்கள். வேறொரு கத்தியின் சீட்டோடு விற்கப்பட்டவையும் உண்டு. வெறும் வாய்ச்சொல் என்றால் பொருளுக்கு மட்டும் விலை பேசுங்கள். "அசல்" என்று விற்பவரே அச்சடித்துக் கொடுக்கும் சான்றிதழும் வாய்ச்சொல்தான்.

சட்டச் சிக்கல் வருமா?

நாட்டுக்கு நாடு மாறும், வாங்கும் முன் கேளுங்கள். இருபுறமும் கூர் உள்ள அலகையும் விரல் வளையத்தையும் சில இடங்களில் தடைசெய்திருக்கிறார்கள். தொல்பொருளை வெளியே அனுப்பப் பல நாடுகளில் அனுமதி வேண்டும். தந்தக் கைப்பிடியும் காண்டாமிருகக் கொம்புக் கைப்பிடியும், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் கீழ் வருகின்றன. பொருள் எவ்வளவு பழையதானாலும் காகிதம் இல்லாமல் எல்லை தாண்டினால் பறிமுதல்தான்.

போலியை வாங்கிவிட்டேன். இப்போது என்ன செய்வது?

முதலில் எழுத்தில் தெரிவித்துத் திருப்பிக் கேளுங்கள். நேர்மையான வியாபாரி எடுத்துக்கொள்வார். அதனால்தான் வாங்கும்போதே "இன்ன காலத்து அசல்" என்று ரசீதில் எழுதி வாங்கச் சொல்கிறேன். எடுத்துக்கொள்ளவில்லை என்றால், தயவுசெய்து அதை அசல் என்று இன்னொருவருக்குத் தள்ளிவிடாதீர்கள். என்னுடைய 1918 கத்தியின் கைப்பிடிக்குள், கழற்றினால் தெரியும் இடத்தில், "பிரதி" என்று பொறித்துவிட்டேன். புதியவர்கள் வரும்போது அசலோடு பக்கத்தில் வைத்து, எழுத்து எப்படி மழுங்கியிருக்கிறது என்று அவர்கள் கையாலேயே தடவிப் பார்க்கக் கொடுக்கிறேன்.